செக்ரோலும் வாக்காளர் பட்டியலும்

போன மாதம் அக்கா மகள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். வழக்கமாக பேராக்கில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இறங்கியதும் அவளுக்கு முதலில் வேண்டியது பசார் முனையில் விற்கும் மசால் வடை. இந்த முறை வடையைப் பிரிக்கவே இல்லை. கைப்பேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, "மாமா, நம்ம பக்கத்துல ஊராட்சி மன்றத் தேர்தல்ல ஓட்டுப் போட்டவங்க யாராச்சும் இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

முதுகலைப் படிப்புக்கான ஆய்வாம். "யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு கேக்கணுமா?" என்றேன்.

"அதை நிறையப் பேர் எழுதிட்டாங்க மாமா. மேசையை யார் போட்டா, பேரை யார் வாசிச்சா, பெட்டி எங்கே போச்சு, எங்கே வச்சு எண்ணினாங்க. அதுதான் எனக்கு வேணும்."

மேசை போட்டவனைப் பற்றி ஒரு முதுகலைப் பட்டமா என்று மனசுக்குள் சிரித்தேன். நானே அப்படி மேசை போட்டவன்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்த காலத்தில் பல பொதுத் தேர்தல்களில் வாக்குச்சாவடிக் கிராணியாக (எழுத்தராக) உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

எங்கள் ஊருக்குத் தேர்தல் புதிதல்ல. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தன் நின்று ஜெயித்த தொகுதி. 1974லிருந்து 2008 வரை அதே கட்சியின் சாமிவேலு வைத்திருந்த தொகுதி. 2008ல் டாக்டர் ஜெயக்குமார் அவரைத் தோற்கடித்த இரவில் டவுனில் யாரும் தூங்கவில்லை. நாடாளுமன்றம் என்றால் தேநீர்க் கடையில் உட்காரும் எவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதே ஆட்களிடம் நம் தாமானுக்கு (குடியிருப்புக்கு) எந்த நகராண்மைக் கழக உறுப்பினர் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். நானே கேட்டேன். நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள். அதில் ஒருவர் சொன்ன ஆள் ஆறு வருடத்துக்கு முன்பே பதவி முடிந்து போனவர்.

எங்கள் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டால் அதைத் தோண்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மன்றம் கோலகங்சாரில் இருக்கிறது. காரில் அரை மணி நேரம். அங்கே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில அரசு நியமிக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் எட்டுப் பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்களை நியமிக்கச் சொல்கிறது. அதே சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஊராட்சித் தேர்தல் தொடர்பான விதிகள் எதுவும் இனிச் செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போடப் பழகியதே ஊராட்சித் தேர்தலில்தான். ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியில். மலாய்க்காரர்களின் அம்னோவும் சீனர்களின் மசீசவும் முதன்முதலாகக் கைகோத்து 12 இடங்களில் 9ஐப் பிடித்தது அந்தக் கோலாலம்பூர் தேர்தலில்தான். நாடு தழுவிய முதல் பொதுத் தேர்தல் 1955ல்தான் வந்தது. ஆக, லோங்காங்குக்கு ஓட்டுப் போட்ட பிறகுதான் நாட்டுக்கு ஓட்டுப் போட்டோம்.

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. இடையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைவர் நம்மவர், ம.இ.கா. செனட்டர் ஆதி நாகப்பன். (நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாளின் கணவர் என்றால் பழைய ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும்.) தேர்தல் மறுபடி வேண்டும் என்றது அந்த ஆணையம். அறிக்கை 1968ல் தயாரானது, வெளியே வந்தது 1971ல். பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 2012ல் பினாங்கு மாநிலம் தனியாக ஒரு சட்டம் போட்டு நடத்திப் பார்க்க முயன்றது. 2014ல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. 2018ல் ஆட்சி மாறியபோது இந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர், இது இன மோதலைக் கிளப்பும் என்று சொல்லி மூடிவிட்டார்.

வரலாறு போதும். அக்கா மகளோடு அலைந்த கதைக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஓட்டுப் போடும் வயது 21. 1963ல் ஊராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தால் இன்று 83ஐத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வயதில் நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கும் ஆள் வேண்டும். மூன்று நாள் தேடி ஒரு பெரியவரைப் பிடித்தோம். இளமையில் ஈப்போ புந்தோங்கில் இருந்தவர், பஸ் கண்டக்டர். ஈப்போ நகராண்மை மன்றம் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி கையில் இருந்த காலம் அது.

பெரியவர் உற்சாகமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஓட்டு, நீண்ட வரிசை, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சீனக் கிராணி, மூக்குக்கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்த்தது, எல்லாம். "எந்தச் சின்னத்துக்குப் போட்டீங்க தாத்தா?" என்று நான்தான் அவசரப்பட்டுக் கேட்டேன்.

"ராக்கெட்டு! வேற எதுக்கு?"

அக்கா மகள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராக்கெட், ஜனநாயக செயல் கட்சியான ஜசெகவின் சின்னம். ஜசெக பதிவானதே 1966ல். ஊராட்சித் தேர்தல் நின்றது 1965ல். ஆக, பெரியவர் நினைவில் இரண்டு தேர்தல்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. அவரைத் திருத்தாமல் அவள் சும்மா தலையாட்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "யாருக்குப் போட்டோம்ங்கறது மாறிடும் மாமா. அதுக்கப்புறம் வந்த அரசியல் எல்லாம் அதுமேல படிஞ்சிடும். ஆனா அந்தக் கிராணியோட மூக்குக்கண்ணாடியை அவர் எதுக்குக் கற்பனை பண்ணணும்? அந்த மாதிரி விஷயம்தான் கொஞ்சமாவது நிக்கும்." அதையும் அப்படியே நம்பிவிட மாட்டாளாம். இன்னும் ரெண்டு பேர் அதே பள்ளியைச் சொன்னால்தான் எழுதுவாளாம்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டபோது கிடைத்தது வேறு மாதிரிப் பதில். ஒரு பாட்டி, பால் மரம் வெட்டி ஓய்ந்தவர், கேள்வியே புரியாமல் விழித்தார். "ஊராட்சியா? தோட்டத்துக்குள்ள ஏதும்மா ஊராட்சி? தொரைதான்."

இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஆனாலும் அந்தப் பாட்டி சொல்லிக் கேட்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது. அவசரகாலத்தில் சீனர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய புதுக் கிராமங்களுக்கு 1952ல் ஒரு சட்டம் போட்டு, உள்ளூர் மன்றம் அமைத்து ஓட்டுப் போட வழி செய்தார்கள். முள்வேலிக்குள் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. தோட்டமோ தனியார் சொத்து. தண்ணீர்க் குழாய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, மருந்துக் கொட்டகை எல்லாமே கம்பெனி பொறுப்பு. மன்றத்தின் குப்பை லோரி தோட்டத்து வாசலோடு திரும்பிவிடும். எங்கள் சுங்கை சிப்புட்டில்தான் 1948 ஜூன் 16ல் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று வெள்ளைத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தது. அந்த அவசரகாலம் புதுக் கிராமத்துக்கு ஒரு வாக்குப்பெட்டியையாவது கொடுத்தது. லயத்துக்கு அதுவும் இல்லை. ஊராட்சித் தேர்தல் இருந்த பொற்காலம் என்று நகரத்து ஆட்கள் எழுதும்போது எனக்கு ஒரு சின்ன முள் குத்துவது இதனால்தான். அந்தப் பொற்காலத்தில் என் அப்பா அம்மாவுக்குப் பங்கு இல்லை.

அவர்களுக்குத் தெரிந்த பெயர் வாசிப்பு வேறு. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்களத்தில் நடப்பது. கையில் விளக்கோடு மண்டோர் (மேற்பார்வையாளர்) நிற்பார், தோட்டத்துக் கிராணி செக்ரோலை, அதாவது ஆள் பதிவேட்டை, திறந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயர் வாசிக்கும்போது குரல் கொடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. செக்ரோலில் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அதுதான் பெயர். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தை எந்தக் கிராணியோ விழுங்கிவிட்டார். பிற்பாடு ஐசியிலும் (அடையாள அட்டையிலும்) அப்படியே ஏறி, என் பிறப்புப் பத்திரத்திலும் ஏறி, இப்போது என் பேரனுடைய கடவுச்சீட்டு வரைக்கும் அந்த எழுத்து இல்லாமலேதான் போய்க்கொண்டிருக்கிறது.

அப்புறம் பார்த்தால் வாக்குச்சாவடியிலும் ஒரு கிராணி. மலாயில் அதே சொல்தான், கெராணி. முதல் கிராணி ஐசியை வாங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அடிப்பார்கள். இரண்டாம் கிராணி விரலைப் பார்த்து இடது ஆட்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாம் கிராணி வாக்குச்சீட்டைக் கிழித்துத் தருவார். (மை 2013ல்தான் வந்தது. சவர்க்காரம் போட்டால் போய்விடுகிறது என்று அன்றைக்கே ஊர் முழுக்கப் பேச்சு. அது தனிக் கதை.)

நான் முதல் கிராணியாக உட்கார்ந்த ஒரு தேர்தலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். ஐசியை வாங்கி, "லெட்சுமி, அனாக் பெரம்புவான் முனுசாமி" (முனுசாமியின் மகள்) என்று வாசித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் பின்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார். மறுபடி வாசித்தேன். ஒரு முகவர் நிமிர்ந்து பார்த்தார். ஐசிக்காரர் இவர்தானா என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது. பின்னால் நின்ற மகள் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த அம்மாவைப் பாப்பாத்தி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். லெட்சுமி என்பது தோட்டத்துக் கிராணி பதிவுக்காக எழுதிய பெயர். "ஆமாய்யா, ஐசில அது நாந்தான்" என்றார் அந்த அம்மா, வெட்கத்தோடு. படமும் எண்ணும் சரியாக இருந்தன. முகவர் கோடு போட்டார். முழுசாக அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் நான் அங்கே அந்த முகவரைப் போலப் புருவத்தைத் தூக்கியிருந்தால் அந்த அம்மா ஐசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அடுத்த தேர்தலுக்கும் வந்திருக்க மாட்டார். சீன, மலாய்ப் பெயர்களை நான் எத்தனை முறை கொலை செய்திருக்கிறேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பெயர் காதில் விழாமல் நின்றார்களோ.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் பாய்ந்து ஒலிப்பதிவை மறுபடி போட்டாள். "மாமா, இதுக்கு ஒரு ஆய்வுத் துறையே இருக்கு!"

இருக்கிறதாம், தேர்தலை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராயும் துறை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தை 537 வாக்கில் புஷ் ஜெயித்த பிறகு அது வேகம் பிடித்தது. அங்கே நம் எஸ்.பி.ஆர். மாதிரி நாடு முழுக்கத் தேர்தல் நடத்தும் ஒரே ஆணையம் கிடையாது. ஆயிரக்கணக்கான மாவட்டங்களும் நகரங்களும் தனித்தனியாக நடத்துகின்றன. அதிபர் தேர்தலுக்கே மேசை போடுவது உள்ளூர் ஆள்தான். புளோரிடாவில் பாம் பீச் என்ற மாவட்டத்தில் வேட்பாளர்கள் நிறையப் பேர். ஒரே பக்கத்தில் அடித்தால் எழுத்து பொடியாகிவிடும். வயதானவர்கள் அதிகமுள்ள இடம், கண் தெரியாதே என்று இரக்கப்பட்ட தேர்தல் அதிகாரி, பெயர்களை இரண்டு பக்கமும் பெரிதாக அடித்து, குத்த வேண்டிய துளைகளை நடுவில் வைத்தார். எந்தத் துளை எந்தப் பெயருக்கு என்று பலர் குழம்பிவிட்டார்கள். புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோருக்கு என்று நினைத்துக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புக்கானன் என்பவருக்குக் குத்தியிருக்கிறார்கள் என்று அரசியல் அறிஞர்கள் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வித்தியாசமே 537 என்பதை மறக்க வேண்டாம். அந்த அதிகாரி கோரின் கட்சியைச் சேர்ந்தவர். அவர் மனசில் கள்ளம் எதுவும் இல்லை. நல்லது செய்யப் போனார்.

இந்தக் கதை என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு கதை உண்டு. இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் கோயில் நிர்வாகக் குழுத் தேர்தல். சிரிக்காதீர்கள். தோட்டப்புறத்துத் தமிழனுக்கு உள்ளூரில் ஓட்டு என்று இருப்பதே கோயில், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை, கட்சிக் கிளை, கூட்டுறவு, இவ்வளவுதான். சங்கப் பதிவகத்தில் பதிந்த கோயில், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி அறிக்கை அனுப்பியாக வேண்டும். அதுவரை கையைத் தூக்கித்தான் தேர்ந்தெடுப்பார்கள். கை தூக்கும்போது யாரும் மேடையைப் பார்க்க மாட்டார்கள். பழைய மண்டோர் உட்கார்ந்திருக்கும் திசையைப் பார்ப்பார்கள். அவர் வேலையை விட்டு இருபது வருடம் ஆகியும் அப்படித்தான். சரி, இந்த முறை சீட்டுப் போடுவோம் என்று இளைஞர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், பொதுத் தேர்தல் கண்டவர் என்று என்னைத் தேர்தல் அதிகாரி ஆக்கினார்கள்.

நான் மிக ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் தப்பு. ஒருவரே இரண்டு சீட்டுப் போட்டுவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் ஓர் எண் எழுதினேன். வருகைப் பதிவேட்டிலும் அதே எண். இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து எழுதினேன் என்றால் பாருங்கள். பெரிய மைலோ டின்னைக் காகிதம் ஒட்டி வாக்குப்பெட்டி ஆக்கினேன்.

சீட்டுகள் விழுந்தன. எண்ணத் திறந்தால் பதினேழு சீட்டு வெறுமையாக இருந்தது. வந்திருந்ததே நூற்றுச் சொச்சம் பேர்தான். செல்லாத சீட்டு என்று அறிவித்துவிட்டுப் போயிருப்பேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து நின்றார்.

"ஏன் வாத்தியாரே, பின்னால போட்டிருக்கிற நம்பரு எதுக்கு?"

"கள்ள ஓட்டு விழாம இருக்கத்தான் பாட்டி."

"அப்போ என் நம்பரு என்னன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

கோயில் மண்டபத்தில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. எழுதும்போது எனக்கு இது தோன்றவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயருக்கு நேராக எண் போடுகிறவன் எதற்குப் போடுகிறான் என்பது செக்ரோலில் காலம் கழித்தவருக்குத் தெரியாதா? எல்லாச் சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, பள்ளியிலிருந்து காகிதம் வாங்கி வரச் சொல்லி, எண் இல்லாமல் கோயில் முத்திரை மட்டும் குத்தி, அவரவர் பெயரைக் கூப்பிட்டுக் கையில் ஒரு சீட்டுக் கொடுத்து, பதிவேட்டில் கோடு போட்டு மறுபடி நடத்தினோம். கூட்டம் முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது, மத்தியானச் சோறு ஆறிப்போனது. வெற்றுச் சீட்டு இரண்டு. தலைவர் பதவிக்கு முதல் முறை முந்தியிருந்தவர் இரண்டாம் முறை தோற்றார்.

இது பாமரர்களின் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது என்றாள் அக்கா மகள். பிரிட்டனில் இன்றைக்கும் வாக்குச்சீட்டில் எண் உண்டு, அது யாருக்குக் கொடுத்த சீட்டு என்பதைக் காட்டும் பட்டியலும் தனியே உண்டு. சிங்கப்பூரிலும் சீட்டில் தொடர் எண் இருக்கிறது. கள்ள ஓட்டு நடந்தால் நீதிமன்றம் சொல்லித் தேடிப் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. நான் நள்ளிரவில் கண்டுபிடித்த அதே முறை! ஆனால் அங்கே முத்திரையிட்டுப் பூட்டி வைத்துக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுகிறார்கள். என் பதிவேடு என் கைப்பையில் இருந்தது.

ஒருவருடைய ஓட்டு இரகசியமாக இருந்தால் மட்டும் போதாது என்பது எனக்கு வாக்குச்சாவடியிலேயே தெரிந்த சமாச்சாரம். 1990லிருந்து நம் நாட்டில் ஓட்டுகளை அந்தந்த வாக்குச்சாவடியிலேயே எண்ணுகிறார்கள். பெட்டி வழியில் மாறிவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை, முகவர்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம், முடிவைப் பதினான்காம் பாரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு தோட்டத்துக்கு ஒரு பள்ளி, அதில் இருநூறு ஓட்டு என்றால்? எந்தத் தோட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அன்று ராத்திரியே எல்லோருக்கும் தெரியும். தார் ரோடு கேட்டு அடுத்த மாதம் போனால், "உங்க பக்கம் எப்படிப் போட்டீங்கன்னு பார்த்தோமே" என்ற பேச்சைக் கேட்க வேண்டி வரும். வயதுவாரியாகச் சாலுரான் (ஒரே சாவடிக்குள் தனித்தனி வாக்குப்பதிவு அறை) பிரிக்கிறார்களே, அதிலும் இதுதான். முதல் சாலுரானில் கிழடுகள், கடைசியில் இளசுகள். எந்த வயசு எந்தக் கட்சிக்கு என்று கட்சிக்காரர்கள் துல்லியமாகப் பிரித்துவிடுகிறார்கள். ஆய்வாளர்களுக்கும் அது தங்கச் சுரங்கம் என்று கண் மின்னச் சொன்னாள் இவள். நான் இப்போது முதல் சாலுரானுக்கு வந்துவிட்டேன். அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு மகிழ்ச்சி இல்லை.

அவள் காட்டிய இன்னும் இரண்டு ஆய்வுகள் எனக்குப் பிடித்தன. அரிசோனாவில் 2000ல் பள்ளிகளுக்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று மக்களிடம் ஓட்டு கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டவர்களிடம் அதற்கான ஆதரவு, தேவாலயம் மாதிரி மற்ற இடங்களில் போட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு விழுக்காடு கூடுதலாக இருந்தது. நாம் போடுவதெல்லாம் தமிழ்ப்பள்ளியில். கரும்பலகையும் ஆத்திசூடியும் சுவரில் இருக்க, மறைப்புப் பலகைக்குப் பின்னால் நின்று புள்ளடி போடுகிறோம். அது யாருக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று லாஸ் ஏஞ்சலஸில். 2003ல் ஆளுநரைத் திரும்பப் பெறும் தேர்தலை அவசரமாக நடத்த வேண்டியிருந்ததால் வாக்குச்சாவடிகளை ஐயாயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துக்கும் கீழே குறைத்தார்கள். சாவடி மாறியவர்களில் நேரில் வந்து போட்டவர்கள் மூன்று விழுக்காட்டளவு குறைந்தார்கள். சிலர் தபாலில் போட்டு ஈடுகட்டினார்கள், ஆனாலும் முழுசாக இல்லை. பழக்கமான இடத்தை மாற்றியதற்கே இவ்வளவு. எங்களுக்கோ தோட்டத்தையே விற்றுவிட்டார்கள். லயங்களை இடித்து எண்ணெய்ப்பனை நட்டாயிற்று, ஆட்கள் டவுன் அடுக்குமாடிக்கும் பட்டர்வொர்த்துக்கும் கிள்ளானுக்கும் போயாயிற்று. ஐசியில் முகவரி மாற்றாதவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பனைமரங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளிக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் என்னிடம் வீடு இருந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று பேரனை அழைத்துக்கொண்டு போய், வழி தெரியாமல் திரும்பி வந்தார்.

ஊராட்சித் தேர்தல் திரும்ப வர வேண்டுமா என்று அக்கா மகள் கடைசியில் என்னையும் கேட்டாள். வரணும் என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் ஒரு தயக்கம். இன்றைய நியமன முறையில் கட்சிகள் பங்கு பிரிக்கும்போது இரண்டு மூன்று தமிழர்கள் மன்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்று நடத்தினால், தோட்டத்திலிருந்து சிதறிப் போன நாங்கள் எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மை இல்லை. ஒருவர்கூட வராமல் போகலாம். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறார்கள், எந்த முறையில் எண்ணுகிறார்கள் என்பதில்தான் எங்கள் கதை இருக்கிறது. "அதுக்கு டி.எஸ். இராமநாதன் இருக்காரே மாமா" என்றாள் அவள். உண்மைதான். 1950களின் இறுதியில், சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஜார்ஜ் டவுனுக்குத் தமிழர் ஒருவர், அதுவும் என்னைப் போல ஒரு வாத்தியார், தொழிற்கட்சி சார்பில் மேயராக இருந்தார். பினாங்கில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. ஆனால் ஒரு இராமநாதனை வைத்து நான் கணக்குப் போட மாட்டேன் என்றேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு எங்கள் புலம்பல் வேடிக்கையாக இருக்கலாம். உங்களுக்கு ஊராட்சித் தேர்தல் அரசமைப்பிலேயே இருக்கிறது, அதற்கென்றே மாநிலத் தேர்தல் ஆணையம் இருக்கிறது, கிராமத்தில் நாலு பதவிக்கு நாலு சீட்டு. அப்படி இருந்தும் 2016ல் நடக்க வேண்டியது கிராமப்புறத்தில் 2019 கடைசி வரைக்கும், சில மாவட்டங்களில் 2021 வரைக்கும், நகரங்களில் 2022 வரைக்கும் இழுத்ததையும் பார்த்தோம்.

அக்கா மகளுக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது. பேராக், பினாங்கு, நெகிரி, எங்கேயானாலும் சரி. உங்கள் வீட்டில் 83 வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், அறுபதுகளில் டவுனில் குடியிருந்தவராக இருந்தால், கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்தச் சின்னம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எல்லோரும் ராக்கெட் என்பார்கள். எந்தப் பள்ளிக்கூடம், பெயரை வாசித்தது யார், சரியாக வாசித்தாரா என்று கேளுங்கள்.